தூணும் கல்லும் நிலையும்: பிளாக் கொண்டு முப்பரிமாண வடிவம் அமைப்பது பற்றி

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், எங்கள் வீட்டு வளவுத் தூணின் சிறிய மாதிரியை பிளாக்ஸ்கேட் மென்பொருளில் (கட்டளைத் துண்டுகளான பிளாக்குகளைத் திரையில் ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண வடிவம் எடுப்பது) அமைத்து, அதைச் சுற்றிலும் பதினாறு வரிப்பள்ளங்கள் எடுக்க முயன்றாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் பதினாறு முறை ஓடியும், தூணின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பள்ளம்தான் விழுகிறது. எங்கே தவறு? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: பள்ளங்கள் பதினாறும் விழுந்துதான் இருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருக்கின்றன. பிளாக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும்போது உள்ளே இருப்பதே முதலில் நடக்கும். உங்கள் மகள் சுழற்றும் பிளாக்கை உள்ளேயும் நகர்த்தும் பிளாக்கை வெளியேயும் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அப்படி வைத்தால், நடுவில் நிற்கும், பள்ளத்தை வெட்டும் சிறிய உருளை தன் அச்சிலேயே சுழன்று, பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் நின்றபின், ஒவ்வொரு முறையும் அதே பக்கத்துக்கு நகர்கிறது. வரிசையை மாற்றி, உருளையை முதலில் விளிம்புக்கு நகர்த்தி, பிறகு சுழற்றச் சொன்னால், அது செக்கைச் சுற்றும் மாட்டைப் போலத் தூணை வலம்வரும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். தூணின் ஆரம் 20 மில்லிமீட்டர், உயரம் 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 360 பாகையைப் பதினாறால் வகுத்தால் 22.5 பாகை, லூப்பின் மாறி (ஒவ்வொரு முறையும் மாறும் எண்) 1 முதல் 16 வரை ஏற, சுழற்சிக் கோணம் அந்த மாறியை 22.5 ஆல் பெருக்கியதாக இருக்கட்டும். தூணின் சுற்றளவு ஏறத்தாழ 125.7 மில்லிமீட்டர் என்பதால், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 7.85 மில்லிமீட்டர் கிடைக்கும். பள்ளம் எடுக்கும் உருளையின் ஆரத்தை 2.5 என்று வைத்தால், இரண்டு பள்ளங்களுக்கிடையே மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான மேடு நிற்கும். ஆரத்தை 4 ஆக்கினால் பள்ளங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. கழித்தல் பிளாக்கில் முதலில் வைப்பதுதான் உடல். அடுத்து வைப்பவை எல்லாம் அதிலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. இடம் மாறினால் தூணே காணாமல் போகும். அடுத்தது, வெட்டும் உருளை தூணின் உயரத்துக்குச் சரியாக நில்லாமல், மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டு முகங்கள் ஒரே தளத்தில் ஒட்டி நின்றால், எது வெட்டப்பட்டது, எது வெட்டப்படவில்லை என்பதில் மென்பொருளுக்குக் குழப்பம் வந்து, பள்ளத்தின் மேல் மெல்லிய தோல்போல ஏதோ மிஞ்சித் தெரியும். அனுபவமுள்ளவர்களே மறந்துபோகும் இடம் இது.

கேள்வி: நான் தச்சுவேலை செய்பவன். நிலைவாசலில் செதுக்கும் கஜலட்சுமியை பிளாக் முறையில் வரைய முடியுமா? (ஒரு வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: முடியாது என்றே சொல்வேன். கனசதுரம், உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைச் சேர்த்தும் கழித்தும் வடிவம் எடுப்பது இந்த முறை. யானையின் துதிக்கை நெளிவையும் தேவியின் முகத்தையும் இவற்றால் கட்ட முயல்வது வீண் உழைப்பு. அதற்குக் களிமண்ணைப் பிசைவது போல உருவமைக்கும் மென்பொருள்கள் வேறு இருக்கின்றன. நிலையின் சட்டம், கடைசல் வளையங்கள், வரிசையாக வரும் குமிழ்கள் ஆகியவற்றுக்கு பிளாக் முறை நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். பிளாக் அடுக்குவது குழந்தை விளையாட்டு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இது உண்மையான நிரலாக்கம்தானா? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: பிளாக்ஸ்கேடில் நீங்கள் அடுக்குவது பின்னணியில் ஓபன்எஸ்கேட் என்ற மொழியின் நிரலாக மாறுகிறது, அந்த நிரலைத் திறந்து வாசிக்கவும் செய்யலாம். மாறி, லூப், நிபந்தனை எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் விடுவதால் வரும் பிழைகள் மட்டும் இல்லை. 1967இல் உருவான லோகோ மொழியில் திரையிலுள்ள ஆமையைக் கட்டளைகளால் நகர்த்திக் கோலம் வரைந்த மரபுதான், 2007இல் வெளிவந்த, பிளாக் அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் வழியாக இங்கே வந்திருக்கிறது. நூறு பிளாக்குகளைத் தாண்டும்போது திரையில் இழுத்து ஒட்டுவது சலிப்பாகிவிடும். அப்போது தட்டச்சுக்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு அவசரம் வேண்டாம்.

கேள்வி: ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) செய்கிறோம். கண்ணாடியின்மேல் வைத்து நிறக் கலவை ஊற்றும் உலோக அச்சுக்குப் பதிலாக, 3டி பிரிண்டரில் அச்சு எடுத்துப் பயன்படுத்தலாமா? (ஒரு வாசகர், ஆத்தங்குடி)

பதில்: மாதிரி பார்க்கப் பயன்படுத்தலாம், அன்றாட வேலைக்கு உலோகமே நல்லது. இந்த அச்சுப்பொறிகளில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்து மறந்தால், அச்சு வளைந்து போயிருக்கும்.

ஆனால் வடிவத்தை பிளாக்கில் அமைப்பதில் உங்களுக்கு உண்மையான லாபம் இருக்கிறது. எட்டு இதழ்ப் பூவுக்கு ஓர் இதழை மட்டும் அமைத்து, 45 பாகை வீதம் எட்டு முறை சுழற்றினால் போதும். கல்லின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கீழ்நோக்கி இருப்பதால், மேலிருந்து நீங்கள் பார்க்கும் அச்சு, முடிந்த கல்லுக்கு இடவலம் மாறியதாக இருக்கும். பூவில் இது தெரியாது; ஒரு பக்கமாகச் சுழலும் கொடியிலோ எழுத்திலோ உடனே தெரிந்துவிடும். ஆகவே கடைசியில் எல்லாவற்றையும் பிரதிபலிக்கும் பிளாக்குக்குள் வைத்துவிடுங்கள்.

அச்சில் நிறங்களைப் பிரித்து நிற்கும் தடுப்புப் பட்டையின் தடிமனைத் தனி மாறியாக வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எட்டு அங்குல அச்சைப் பத்து அங்குலத்துக்கு அப்படியே பெரிதாக்கினால், 1.2 மில்லிமீட்டர் பட்டையும் 1.5 ஆகத் தடித்து, அச்சைத் தூக்கும்போது நிறங்களுக்கிடையே இடைவெளி கூடும். கல்லின் அளவு ஒரு மாறி, பட்டையின் தடிமன் இன்னொரு மாறி என்று தொடக்கத்திலேயே பிரித்துவைத்தால், கேட்கிற அளவுக்கெல்லாம் ஓர் எண்ணை மாற்றிப் புது வரைபடம் எடுத்து, பட்டறையில் கொடுத்து உலோகத்தில் செய்துகொள்ளலாம்.