பருத் தழும்புக்கு லேசர்: ஆறு சிட்டிங்குக்கும் சேர்த்துப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. தஞ்சாவூரில் வேலை. காலேஜ் நாட்களில் வந்த பரு நின்றுவிட்டது; இரண்டு கன்னத்திலும் குழிகள் மட்டும் தங்கிவிட்டன. ஒரு ஸ்கின் கிளினிக்கில் விசாரித்தேன். சிஓ2 லேசர் ஆறு சிட்டிங் 54,000 ரூபாயாம். இன்றே மொத்தமாகக் கட்டினால் 36,000 என்கிறார்கள். தழும்பு முழுக்கப் போய்விடுமா? கட்டலாமா?

பதில்: முழுக்கப் போகாது, குறையும். எவ்வளவு குறையும் என்பது உங்கள் கன்னத்தில் இருப்பது எந்த வகைக் குழி என்பதைப் பொறுத்தது. உங்கள் கடிதத்தில் சிட்டிங் கணக்கு இருக்கிறது, விலை இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது. குழியைப் பற்றி அவர்கள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைக் காதோரம் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். நிழல் விழுகிற இடம் குழி. நிழல் விழாமல் பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரிவது வெறும் கறை. கறைக்கு இந்த லேசர் வேண்டியதில்லை. சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதித் தரும் கிரீமும், சில மாதப் பொறுமையும் போதும். கறையை மட்டும் வைத்துக்கொண்டு லேசருக்குப் பணம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழியிலும் வகை உண்டு. ஊசியால் குத்தியதுபோல் வாய் சிறுத்து ஆழமாக இறங்குவதை டாக்டர்கள் ஐஸ் பிக் என்பார்கள். அம்மைத் தழும்புபோல் ஓரம் செங்குத்தாக இருந்தால் பாக்ஸ்கார். ஓரமே பிடிபடாமல் மேடும் பள்ளமுமாக இருந்தால் ரோலிங். விரலால் தோலை இழுத்துப் பிடித்தால் இது மறையும். இலவம்பஞ்சு மெத்தையில் முடிச்சுப் போட்ட இடம் பள்ளமாக நிற்குமே, அதே கதைதான். தோலுக்கு அடியில் நார்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. முடிச்சை அறுக்காமல் மேலே என்ன தேய்த்தும் பள்ளம் எழும்பாது. அதனால் இதற்கு முதலில் சப்சிஷன், அதாவது ஊசியை உள்ளே விட்டு அந்த நார்களை அறுத்துவிடுவது. ஐஸ் பிக் குழிக்கு, பல்குத்தும் குச்சி மாதிரி ஒன்றின் முனையில் அடர்த்தியான டிசிஏ அமிலத்தைத் தொட்டு ஒவ்வொரு குழிக்குள்ளும் வைப்பார்கள். ரொம்ப ஆழமென்றால் வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. லேசர் நன்றாக வேலை செய்வது அதிக ஆழமில்லாத பாக்ஸ்கார் குழிகளிலும், தோலின் சொரசொரப்பிலும்தான். பெரும்பாலோர் முகத்தில் மூன்றும் கலந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே மெஷின், ஆறு சிட்டிங் என்றால் அங்கே முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

மெஷினைக் குறை சொல்லவில்லை. சிஓ2 லேசரின் 10,600 நானோமீட்டர் அலைநீளக் கதிரைத் தோலில் உள்ள தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கதிர் பட்ட இடம் ஆவியாகிவிடும். பழைய முறையில் மேல்தோல் மொத்தத்தையும் உரித்துவிடுவார்கள். நம் மாநிறத் தோலுக்கு அது ஆபத்தான விளையாட்டு. 2004-இல் ஃப்ராக்ஷனல் முறை வந்தது: கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைப் போட்டு, நடுநடுவே தோலை அப்படியே விட்டுவிடுவது. விட்ட தோலிலிருந்து காயம் சீக்கிரம் ஆறும், உள்ளே புதுக் கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் புரதம்) உருவாகும். அந்தக் கொலாஜன் வேலை மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும். ஆகவே பலனை அடுத்த வாரமே அளக்க முடியாது.

இப்போது பணம். சிட்டிங்குக்கு 6,000 என்பது மோசமான விலை இல்லை. 54,000 என்பது 36,000-ஐ மலிவாகக் காட்டுவதற்காகப் போட்ட விலை. என் சிக்கல் 'இன்றே', 'மொத்தமாக' என்ற இரண்டு சொற்களில்தான். சிட்டிங்குகளுக்கு இடையே குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். ஆறு சிட்டிங் முடிய ஏறக்குறைய அரை வருடம் ஆகும். அதற்குள் டாக்டர் வேறு இடத்துக்குப் போகலாம், உங்களுக்கு ஊர் மாற்றல் வரலாம், இரண்டாவது சிட்டிங்கிலேயே தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியவரலாம். ஒரு சிட்டிங்குக்கு மட்டும் கட்டுங்கள், விலை 7,000 ஆனாலும் சரி. முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும்.

பேசும்போது இன்னும் சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்ன விலை வரி சேர்த்தா என்று கேளுங்கள். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அழகுக்காகச் செய்வதற்கு அந்த விலக்கு பொருந்தாது. மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதற்குத் தராது. லேசரைக் கையில் பிடிப்பவர் யார் என்பது இதைவிட முக்கியம். டேப்லெட்டில் படம் காட்டிப் பேசுகிறவர் பெரும்பாலும் கவுன்சலர், அதாவது விற்பனையாளர். நீங்கள் பார்க்க வேண்டியது எம்டி டிவிஎல், டிடிவிஎல், டிஎன்பி தோல் மருத்துவம் என்று படித்த டாக்டரை. அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கிளினிக்குக்கும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும்; அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் ஊரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒரு காலை லீவு போட்டுத் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கே உங்கள் குழியைப் பார்க்கிற டாக்டருக்கு விற்க வேண்டிய பேக்கேஜ் எதுவும் இல்லை.

கேள்வி: வலிக்குமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்? கிளினிக்கில் "லஞ்ச் டயத்தில் வந்துவிட்டு ஆபீஸ் போகலாம்" என்கிறார்கள்.

பதில்: போகலாம், ஆபீஸில் யாரும் பார்க்காத சீட் கிடைத்தால். அக்கா மகனுக்குத் துணையாகப் போயிருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். முகம் கழுவியதும் மரத்துப்போகிற கிரீமை வெண்ணெய்போலத் தடிமனாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் துடைத்துவிட்டுக் கண்ணுக்கு மூடி போட்டார்கள். மெஷின் முனையைக் கன்னத்தில் ஒரு சதுரம் வைத்து எடுப்பது, பக்கத்தில் அடுத்த சதுரம், இப்படியே ரப்பர் ஸ்டாம்பு குத்துவதுபோலப் போனது. நர்ஸ் ஒரு குழாயால் புகையை உறிஞ்சிக்கொண்டே இருந்தும் அறை முழுக்க முடி பொசுங்கும் வாடை. கால் மணி நேரத்தில் முடிந்தது. வலி எப்படி என்று கேட்டதற்கு, "மூக்கோரமும் மேலுதடும்தான் மாமா சுரீர்னுச்சு" என்றான். உண்மையான எரிச்சல் அதற்குப் பிறகுதான். மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி, ஐஸ் பையோடு மூன்று மணி நேரம்.

மறுநாள் கண்ணுக்குக் கீழே வீங்கியது. மூன்றாம் நாள் சல்லடையை அழுத்தி எடுத்ததுபோல் முகம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், தொட்டால் உப்புத்தாள். ஆறாம் நாளிலிருந்து தானாக உதிர்ந்தன. நகத்தால் கிள்ளினால் புதுத் தழும்புதான் மிஞ்சும். ஆகவே இந்த வகை லேசருக்கு ஒரு வாரம் லீவு என்று கணக்கு வையுங்கள். சிவப்பு இன்னும் சில வாரம் இருக்கும். நுண்ஊசியும் ரேடியோ அலையும் சேர்ந்த எம்என்ஆர்எஃப் என்றால் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிடலாம். கறுக்கும் அபாயமும் அதில் குறைவு. மாநிறத்தவர்கள் டாக்டரிடம் அதைப் பற்றியும் கேளுங்கள்.

ஏனென்றால் நம் தோலில் பெரிய தொல்லை வலி இல்லை, கறுப்பு. சூடு பட்ட இடத்தில் நிறமி கூடிச் சில வாரங்களில் முகம் திட்டுத் திட்டாகக் கறுக்கலாம். நல்ல டாக்டர் மெஷின் சக்தியைக் குறைத்து வைப்பார், சந்தேகமாக இருந்தால் காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்ப்பார். உங்கள் பங்குக்குச் சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள். புண் ஆறும்வரை அவர் சொன்ன களிம்பு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி, ஆறியதும் தினமும் சன்ஸ்கிரீன். வீட்டில் மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்வார்கள் (என் அக்கா கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்). வேண்டாம். உதட்டோரம் அக்கி மாதிரி கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். லேசர் அதைக் கிளப்பிவிடும், தடுக்க மாத்திரை தருவார்.

இன்னொன்று. முதல் வாரக் கடைசியில் முகம் அசத்தலாகத் தெரியும். குழியெல்லாம் நிரம்பிவிட்டதுபோல இருக்கும். அது வீக்கம். அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக் காட்டி மீதி சிட்டிங்குகளையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். நீங்களே உங்கள் வீட்டில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், பக்கவாட்டு வெளிச்சம் என்று வைத்து, முதல் சிட்டிங்குக்கு முன்னால் ஒன்றும் மூன்று மாதம் கழித்து ஒன்றும் எடுத்து ஒப்பிடுங்கள். கிளினிக் சுவரில் இருக்கும் 'முன்', 'பின்' படங்களில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் கொஞ்சம் கவனியுங்கள்.

கேள்வி: தங்கைக்கு இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம். ஒரே ஒரு சிட்டிங் எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆறு வாரத்தில் பலன் தெரியாது. கறுத்தால் மட்டும் அது முகூர்த்தத்தன்று சரியாகத் தெரியும். கல்யாணம் முடிந்து நிதானமாகச் செய்துகொள்ளட்டும்.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இடையில் லேசர் செய்யலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும் என்பது பழைய விதி. அமெரிக்கத் தோல் அறுவை நிபுணர்களின் சங்கம் 2017-இல் இதை மறுபரிசீலனை செய்து, ஃப்ராக்ஷனல் லேசருக்கு அவ்வளவு காத்திருக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆனாலும் காத்திருக்கச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், முடிவு அவர்களுடையது. மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல்வது மட்டும் உங்கள் வேலை. புதுப் பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்குங்கள். இந்தப் பக்கம் குழியை நிரப்பும்போதே அந்தப் பக்கம் புதுக் குழி விழுந்தால் என்ன லாபம்? பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த மாத்திரை சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம்வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தையைப் பாதிக்கும்.

கேள்வி: கோவையில் மனைவிக்காக 45,000 ரூபாய் பேக்கேஜை இஎம்ஐ-யில் எடுத்தேன். இரண்டு சிட்டிங்கிலேயே கன்னம் கறுத்துவிட்டது. கேட்டால் "இது நார்மல் சார், பீல் பேக்கேஜ் எடுத்துக்குங்க" என்கிறார்கள். மீதிப் பணத்தைக் கேட்டால், பில்லில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: முதலில் முகம், பிறகு பணம். வேறொரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் கறுப்பு பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். அவசரப்பட்டு அதன் மேலே பீல், அதாவது அமிலம் பூசித் தோலை உரிக்கும் சிகிச்சை, செய்தால் கூடவும் செய்யும். அவர் எழுதித் தரும் சீட்டு உங்களுக்குச் சான்றாகவும் ஆகும்.

அடுத்து, கிளினிக்கிடம் சிகிச்சைப் பதிவு முழுவதையும் எழுத்தில் கேளுங்கள்: எந்த மெஷின், எந்த அளவு, யார் செய்தார், ஒப்புதல் படிவம் எல்லாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்காதீர்கள். கவனக்குறைவுக்கு யாரும் ஒப்புதல் தருவதில்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைபாடுள்ள சேவைக்கு, பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம். 'தரப்படாது' என்ற ஒரு வரி அச்சு எல்லாவற்றையும் முடித்துவிடாது. ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: கறுத்தது மட்டுமே குறைபாடு ஆகிவிடாது. அது தெரிந்த பக்கவிளைவு. கறுக்கலாம் என்று முன்பே சொல்லவில்லை, தோல் டாக்டர் பார்க்கவே இல்லை, டெக்னீஷியனே செய்தார் என்பதுபோல ஏதாவது இருந்தால்தான் உங்கள் வழக்குக்கு வலு. செய்யாத சிட்டிங்குகளின் பணம் தனிக் கணக்கு. அதைக் கேட்பது இன்னும் எளிது.

பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதுவும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, புகாரை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நடுவில் கோபத்தில் இஎம்ஐ-யை நிறுத்திவிடாதீர்கள். அது கிளினிக்குக் கணக்கு இல்லை, நிதி நிறுவனத்தில் உங்கள் பேரில் இருக்கும் கடன். உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும். இனி எடுக்கப்போகிறவர்களுக்கு: ஆப் வழியாக வாங்கும் கடனில், குறைந்தது ஒரு நாள் கெடுவுக்குள் அசலையும் அந்த நாள்வரையிலான செலவையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. வீட்டுக்குப் போய் யோசிக்க அந்த ஒரு ராத்திரி போதும்.

கேள்வி: ஆன்லைனில் 1.5 மில்லிமீட்டர் ஊசி ரோலர் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டிலேயே உருட்டலாமா?

பதில்: கூடாது. அந்த ஆழத்தில் ரத்தம் வரும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று செய்கிற வேலை இல்லை அது.