தார் சுற்றும் பாட்டிக்கு யார் வீடு கொடுப்பது?

அன்புள்ள அண்ணா,

ஏழைகளுக்கு அரசே வீடு கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம். நாங்கள் இருப்பது அம்மாப்பேட்டை. பக்கத்து லைன் வீட்டில் ஒரு பாட்டி, எழுபதைத் தாண்டியவர், தனி ஆள், முழங்கால் வலி. தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்து (ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது) மாதம் 3,600 பக்கம் வருகிறது, முதியோர் பென்ஷன் (ஓஏபி) 1,200. வாடகை 3,000, கரண்ட் தனி. இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்கிறார்கள். நானும் கூடப் போய் வீடு தேடினேன். “தனியா இருக்கீங்க, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பாக்கறது?” என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படிக் கேட்காதவர்கள் 40,000 அட்வான்ஸ் சொல்கிறார்கள். என் கணவரோ, குடிசை மாற்று வாரிய வீடு கொடுத்தாலும் உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், நம் வரிப்பணம் எதற்கு என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டிக்கு வருவது 4,800, அதில் வாடகைக்கே 3,000. ஆஸ்திரேலியாவில், வருமானத்தில் கீழே உள்ள 40 சதவீதக் குடும்பங்களில் ஒன்று 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குக் கொடுத்தாலே அது வாடகை நெருக்கடியில் இருப்பதாகக் கணக்கெடுக்கிறார்கள். இந்தப் பாட்டி 60 சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறார், நம் ஊரில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே அரசு வாடகை வீடுகளில் பொதுவாக வருமானத்தில் கால் பங்கு அளவில்தான் வாடகை வைக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பாட்டிக்கு 1,200 ரூபாய். அங்கேயும் அந்த வீடுகளுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் வாடகையை வருமானத்தோடு கட்டிப்போடலாம் என்ற எண்ணமாவது இருக்கிறது.

உங்கள் கணவர் சொல்வது நடக்காத விஷயம் இல்லை. ஏன் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது, 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கட்டிய வீடுகள் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனால் இன்றைக்குப் பெரும்பாலும் சொந்தமாக்கிக் கொடுக்கும் வீடுதான், அதற்குப் பயனாளி பங்குத்தொகை கட்ட வேண்டும், பல இடங்களில் அது லட்சத்தைத் தாண்டுகிறது. 40,000 அட்வான்ஸுக்கே வழியில்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. அப்புறம் இடம். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்ததில் எத்தனை பேர் வேலையை இழந்தார்கள்! வேலை இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கே ஒரு ஒற்றை அறையை எடுத்துக்கொண்டு, கிடைத்த வீட்டை வாடகைக்கு விடுகிறவரைத் திருடர் மாதிரி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலையை விட்டுத் தூரம் போக முடியாத இந்தச் சிக்கல் சேலத்தில் இன்னும் அதிகம், ஏனென்றால் இங்கே பலருக்கு வீடுதான் பட்டறை. கொலுசுக்குச் சலங்கை கோர்க்கும் பெண்கள் செவ்வாய்ப்பேட்டையை விட்டு தூரம் போனால் யார் அங்கே வெள்ளியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? குழித்தறி நெய்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் குழி வெட்டி, கால் உள்ளே தொங்க உட்கார்ந்து மிதிக்க வேண்டும். எந்த வீட்டுக்காரர் தரையை வெட்ட விடுவார்? விட்டாலும், காலி பண்ணும்போது குழியை மூடி சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் மறுபடி ஆரம்பத்திலிருந்து. உங்கள் பாட்டிக்கும் அதேதான், அம்மாப்பேட்டையை விட்டு எட்டு கிலோமீட்டர் போனால் அந்த 3,600 நின்றுவிடும்.

ஏற்காட்டு எஸ்டேட் லைன்களிலும், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலும், வீடும் வேலையும் இப்படிப் பின்னிக் கிடப்பதைப் பார்க்கலாம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் பொறுப்பாக்கியது, நல்லதுதான். ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. காப்பித் தோட்டத்திலேயே முதுகு வளைந்தவர் வேலையை விட்டதும், சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விடும் ஊரில் மாத வாடகைக்கு வீடு தேட வேண்டும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வேலைக்குப் பக்கத்தில், அரசுக்கே சொந்தமான வாடகை வீடுகள் வேண்டும். பங்குத்தொகை கூடாது, வாடகை வருமானத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். உள்வாடகைக்கு விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், சொந்தமாக்கிக் கொடுத்த வீட்டில் அது சுலபமில்லை. உங்கள் கணவரின் கவலைக்கும் இதுதான் பதில். முடியாத காரியமும் இல்லை, வீட்டுவசதி வாரியம் அரசு ஊழியர்களுக்கு வாடகைக் குடியிருப்புகள் கட்டி நடத்தித்தான் வருகிறது. 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதைப் பார்த்த பிறகு மத்திய அரசும் மலிவு வாடகைத் திட்டம் கொண்டுவந்தது, 2024-இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-விலும் வாடகைக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. காகிதத்தில் இருப்பதை அம்மாப்பேட்டைக்குக் கொண்டுவர வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள், திருநங்கைகள், கணவன் விட்டுப்போன பெண்கள், மாற்றுத்திறனாளிகள், இவர்களைக் காசு இருந்தாலும் வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். வேறு யாரும் கொடுக்காதபோது அரசுதான் கொடுத்தாக வேண்டும்.

சரி, இப்போதைக்குப் பாட்டி விஷயம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. புது வீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் போக வேண்டாம். பழைய வீட்டில் கொடுத்த அட்வான்ஸைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஓஏபி ஆணை, ஆதார், ரேஷன் கார்டு நகல் இணைத்து, பங்குத்தொகை கட்ட இயலாது, வாடகை அடிப்படையில் வீடு வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். தரைத்தளம் என்பதையும் மறக்காமல் சேருங்கள், அந்த முழங்காலோடு மூன்றாவது மாடி கிடைத்தால் எப்படி ஏறுவார்? மனு ரசீது எண்ணை எனக்கும் அனுப்புங்கள், நானும் பின்தொடர்கிறேன்.

அன்புடன்.