காப்பாற்றிய குஞ்சு பருந்தா, வைரியா?

கீழே விழுந்து கிடந்த குஞ்சை எடுத்து வைத்திருக்கிறேன், உடம்பெல்லாம் பழுப்பு, இது பருந்துதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது வைரி (சிக்ரா) என்றே நினைக்கிறேன்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மற்ற உயிர்களை வேட்டையாடி உண்ணும் இரைவாரிப் பறவைகள் பலவும் இளமையில் பழுப்பாகத்தான் இருக்கும். வைரிக்குச் சாம்பல் முதுகும், மார்பின் குறுக்கே ஓடும் செம்பழுப்பு வரிகளும் வளர்ந்த பிறகே வரும். இளம் பறவையின் மார்பில் கோடுகள் மேலிருந்து கீழாக, சொட்டுச் சொட்டாக வழிந்ததுபோல் இருக்கும். தொண்டையின் நடுவில் ஒற்றைக் கருங்கோடு இறங்கும். “அலகுக்குக் கீழே மை தீட்டியதுபோல் ஒரு கோடு” என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான். நான் பெரிதும் நம்புவது இந்த அடையாளத்தைத்தான்.

புறா அளவுதான் இருக்கிறது, தலையில் மட்டும் கொஞ்சம் பஞ்சுத்தூவி மிச்சம் என்கிறீர்கள். அந்தப் பருவத்தில் உடல் ஏறக்குறைய முழு அளவை எட்டியிருக்கும். இன்னும் நீள வேண்டியவை வாலும் இறக்கையும்தான். எனவே அது இனிமேல் வளர்ந்து கரும்பருந்தாக வாய்ப்பில்லை. வைரியின் நீளம் சுமார் 30 செ.மீ.; கரும்பருந்து அதைப்போல் இரு மடங்கு. பருந்தின் வால் பிளந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இறகுகள் இன்னும் உறைக்குள் இருக்கும் குஞ்சிடம் அந்தப் பிளவைத் தேடிப் பயனில்லை.

கண்ணைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் வைரி. கரும்பழுப்பாக இருந்தால் பருந்தாகவோ வல்லூறாகவோ (ஃபால்கன்) இருக்கலாம். வல்லூறு என்றால் மேலலகின் விளிம்பில் பல்போல் ஒரு சிறு முனை தெரியும். பருந்துக்குக் கால் குட்டை, வைரிக்கு மெலிந்து நீண்ட மஞ்சள் கால்.

அக்காக்குயிலின் இளம் பறவையும் பார்வைக்கு வைரி போலவே இருக்கும். விரல்களைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு; வைரிக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, நுனியில் கூர்நகம்.

இனம் எதுவானாலும் பாலும் சோறும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருப்பதால் நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, வளரும் கால்கள் வளைந்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறையிடமோ பறவை மீட்பு மையத்திடமோ சீக்கிரம் ஒப்படையுங்கள். காயம் எதுவும் இல்லாமல், கிளையைக் கால்கள் இறுகப் பற்றினால், எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் ஓர் உயரமான கிளையில் உட்கார வைத்து, தொலைவில் நின்று கவனியுங்கள். கூட்டைவிட்டு வெளியே தத்தித் திரியும் பருவம் அது. தாய்ப்பறவை இன்னும் இரை கொண்டுவந்து ஊட்டும்.