வடக்கு ஜன்னலில் வெயில் வருமா?

"பெரம்பூரில் ஜனவரி மாதம் ஃபிளாட் வாங்கினோம். படுக்கையறை ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயிலே அடிக்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏப்ரலில் இருந்து சாயங்காலம் கட்டில் வரைக்கும் வெயில். ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடை இன்னும் இரண்டடி நீட்டலாமா? இது வருஷம் முழுக்க இப்படித்தானா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நீட்ட வேண்டாம். வருஷம் முழுக்கவும் இருக்காது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஜனவரிக்குச் சரி. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்தே இருக்கிறது. அந்தச் சாய்வு மாறாமல்தான் பூமி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஜூனில் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் தென்பாதி. கீழே நிற்கும் நமக்கு, சூரியன் வடக்கே போய்த் திரும்பி வருகிற மாதிரி தெரியும். வடக்கே அது எட்டும் எல்லை 23.4 டிகிரி அட்சரேகை. சென்னை இருப்பதோ 13 டிகிரியில். அதாவது சூரியன் நம் தலைக்கு மேலே கடந்து, இன்னும் வடக்கே போகிறது. டெல்லி 28 டிகிரிக்கும் மேலே இருப்பதால் அங்கே உச்சிவெயில் எந்த நாளும் தெற்கிலிருந்துதான் விழும்.

ஏப்ரல் 24, 25 வாக்கில் பகல் 12.07 மணிக்கு மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்திப் பாருங்கள், நிழலே விழாது. ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை இதே கதை, மணி மட்டும் 12.13. இடைப்பட்ட நாட்களில் சென்னைச் சூரியன் காலையிலிருந்து மாலை வரை வடக்குப் பக்கமே நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு அப்போது நேர்வெயில் கிடையாது. மார்ச் 21 முதல் ஏப்ரல் கடைசி வரையும், ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் 23 வரையும் காலை, மாலை மட்டும் வடக்குச் சுவரில் விழும். அதற்கப்புறம் ஆறு மாதம் உங்கள் ஜன்னலுக்கு விடுமுறை.

(சூரியன் கிட்டே வருவதால்தான் கோடை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜனவரி முதல் வாரத்தில்தான் மிக அருகில் இருக்கிறோம், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி.)

"தை பிறந்தால்தானே சூரியன் வடக்கே திரும்பும்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதம் கணக்கிடுகிறது. பூமியின் அச்சோ பம்பரம் போலத் தலையாட்டுகிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. அப்படி நழுவி நழுவி வந்ததுதான் இந்த மூன்று வார வித்தியாசம்.

சரி, சன்ஷேடுக்கு வருவோம். ஜூன் 21 உச்சியில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 80 டிகிரி உயரத்தில் நிற்கும். ஓரடி நீட்டிய சன்ஷேடே அப்போது ஐந்தடிக்கும் மேல் நிழல் தரும். உங்கள் தொல்லை சாயங்கால வெயில். ஜூனில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல், 24 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. தாழ்ந்து பக்கவாட்டில் வரும் அந்த வெயிலை மேலே நீட்டிய பலகை எப்படித் தடுக்கும்?

அதற்குப் பக்கத்தில்தான் மறைப்பு வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் மேற்கு. அந்த ஓரத்தில் சுவரிலிருந்து வெளியே நீளும்படி, ஜன்னல் உயரத்துக்கு, இரண்டடி அகலத்தில் ஒரு தடுப்பு வைத்தால், வெயில் தாழ்ந்து அடிக்கும் நேரத்தில் நாலடி அகல ஜன்னல் மறையும். சிமென்ட் பலகையோ அலுமினியமோ எதுவானாலும் சரி, முதலில் அசோசியேஷனைக் கேட்டுவிடுங்கள். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் மூங்கில் தட்டி போதும், செப்டம்பர் கடைசியில் சுருட்டிவிடலாம். கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் மட்டும் வேண்டாம். வெயிலே வராத ஆறு மாதமும் அறை இருட்டடித்துக் கிடக்கும்.