ஏர் ஆம்புலன்ஸ் உறுப்பினர் அட்டை: யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

அமெரிக்காவில் மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஹெலிகாப்டர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குச் சற்று அழுத்தமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு டாலர் கட்டினால் குடும்பம் முழுவதற்கும் ஏர் ஆம்புலன்ஸ் (நோயாளியை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர் அல்லது விமானம்) உறுப்பினர் அட்டை என்று கடிதம் வந்திருக்கிறது. இது காப்பீடுதானே?

இல்லை. நிறுவனம் முதலில் உங்கள் மருத்துவக் காப்பீட்டிடம் பணம் வாங்கும். அதற்குப் பிறகு உங்கள் பங்காக மிஞ்சுவதை உங்களிடம் கேட்காது. ஒப்பந்தம் அவ்வளவுதான். அதுவும் அந்த நிறுவனமோ அதன் கூட்டணியோ உங்களை ஏற்றிச் சென்றால் மட்டுமே. வேறு நிறுவனத்தின் ஹெலிகாப்டர் வந்தால் பெரும்பாலும் அட்டையால் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் அவசர உதவி எண் 911-ஐ அழைக்கும்போதே அந்த நிறுவனத்தைக் கேட்டுவிடலாமா?

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். எது அருகில் இருக்கிறது, எது பறக்கத் தயாராக இருக்கிறது என்று பார்த்து அவசர சேவையினரோ மருத்துவரோ முடிவு செய்வார்கள். உயிருக்குப் போராடும் நேரத்தில் அட்டையைத் தேடுவதும் கூடாது. பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) அவசர சேவை அலுவலகத்திடம் “எங்கள் பகுதிக்கு வழக்கமாக வருவது யார்?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று நிறுவனங்கள் மாறி மாறி வரும் பகுதி என்றால் ஒரே ஒரு அட்டையை நம்புவது பாதிக் குடைதான்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்கு ஐம்பதாயிரம் டாலர் பில் வந்தது. அந்தப் பயத்தில்தான் சேரலாம் என்று இருக்கிறேன்.

அந்தப் பயம் அன்று முற்றிலும் நியாயமானது. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-ஆம் ஆண்டுக் கட்டணங்களை ஆராய்ந்தபோது, ஹெலிகாப்டர் பயணம் ஒன்றின் இடைநிலைக் கட்டணம் சுமார் 36,400 டாலர். விமானம் என்றால் சுமார் 40,600 டாலர். 1978-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம் ஏர் ஆம்புலன்ஸையும் விமான நிறுவனமாகவே கருதியதால், கட்டணத்துக்கு வரம்பு விதிக்க மாநிலங்களால் முடியவில்லை. காப்பீடு தந்தது போக மீதி முழுவதும் நோயாளியின் தலையில் விழுந்தது.

2022 ஜனவரி 1 முதல் நிலைமை மாறிவிட்டது. ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்தின்படி, உங்கள் தனியார் காப்பீட்டில் ஏர் ஆம்புலன்ஸ் உண்டு என்றால், அந்தக் காப்பீட்டோடு ஒப்பந்தத்தில் இல்லாத நிறுவனம் ஏற்றிச் சென்றாலும், ஒப்பந்த நிறுவனத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய பங்கை மட்டும் கட்டினால் போதும். மீதியை நிறுவனமும் காப்பீடும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: தரைவழி ஆம்புலன்ஸுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மருத்துவமனையிலிருந்து விமான நிலையம் வரையிலான வண்டிக்குத் தனி பில் வரலாம்.

கேள்வி: அப்படியென்றால் அட்டை வீண்செலவுதானா?

உங்கள் டிடக்டிபிள் தொகையை எடுத்துப் பாருங்கள். காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்களே ஆறாயிரம் டாலர் கட்ட வேண்டிய திட்டம் என்றால், ஒரே பயணத்தில் அது முழுவதும் போய்விடும். பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள கிராமப் பகுதியில் வசித்து, அங்கே ஒரே நிறுவனம்தான் பறக்கிறது என்றால் நான் தயங்காமல் சேருவேன். டிடக்டிபிள் குறைவு, பெரிய மருத்துவமனையும் பத்து நிமிடத் தொலைவில் என்றால் சேரமாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), அத்தைக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடு). இருவருக்கும் வாங்கலாமா?

அத்தைக்கு வேண்டவே வேண்டாம். மெடிகெய்ட் பெறுபவரிடம் மீதித் தொகை கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அப்பாவுக்கு, மெடிகேர் ஏற்கும் தொகையில் வழக்கமாக 20 சதவீதம் அவர் பங்கு. மெடிகேருக்குத் துணையாக வாங்கும் மெடிகேப் காப்பீடு இருந்தால் அதுவும் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

கேள்வி: ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். பயணக் காப்பீடு மட்டுமே இருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது இந்த நிலைதான். பயணக் காப்பீட்டுக்கு மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதில் ஏர் ஆம்புலன்ஸுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். உங்கள் அட்டை ‘அதே முகவரியில் வசிப்போர்’ என்று மட்டும் சொன்னால், விருந்தினர் அதில் அடங்குவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடே இல்லாதவருக்குச் சில திட்டங்கள் தள்ளுபடி மட்டுமே தருகின்றன, முழு விலக்கு தருவதில்லை.

கேள்வி: “ஹெலிகாப்டர் தேவையே இல்லை, தரைவழியே போயிருக்கலாம்” என்று காப்பீடு மறுத்துவிட்டது. அட்டை இருக்கிறது. பில்லைக் கட்டிவிடட்டுமா?

கட்டாதீர்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 180 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏற்றி அனுப்பிய மருத்துவரிடம், ஏன் நேரம் முக்கியமாக இருந்தது என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். நான் பார்த்தவரை அந்தக் கடிதம்தான் பல முடிவுகளை மாற்றியது. அதிலும் மறுத்தால், நான்கு மாதங்களுக்குள் வெளி ஆய்வு (காப்பீட்டு நிறுவனத்தைச் சாராதவர் செய்யும் ஆய்வு) கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உறுப்பினர் எண்ணை நிறுவனத்தின் கட்டணப் பிரிவுக்கு இன்றே எழுதி அனுப்பி, மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.