மலைக்காட்டில் சிக்கிள் செல்: ஆதிவாசி நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரிப் பாதை குறித்த கேள்வி பதில்

சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து உடையும் பரம்பரை ரத்த நோய். நீலகிரியின் மலைக்குடிகளிடம் இது இருப்பது 1952லேயே கண்டறியப்பட்டது. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் வீடுகளில் இன்றும் ‘சிக்கிள்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்த நோயாளிகளோடு இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எத்தனை முறை சொன்னாலும் ஓ.பி.க்கு வர மாட்டேங்கிறாங்க. என்ன செய்வது? (கிராம சுகாதார செவிலியர்)

‘வரல’ என்று எழுதுவதற்கு முன், எந்த இடத்தில் வழி அறுந்தது என்று பாருங்கள். பஸ் எத்தனை மணிக்கு? அன்றைய கூலி போகுமா? போன தடவை சீட்டு போடும் இடத்தில் ‘என்ன ஜாதி’ என்று எல்லார் முன்பும் சத்தமாகக் கேட்டார்களா? வயதில் மூத்தவரை ‘நீ, வா, போ’ என்று கூப்பிட்டார்களா? பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் கதை முடிந்திருக்கும். பணியரும் காட்டுநாயக்கரும் வீட்டில் பேசுவது வேறு மொழி. நாம் தமிழில் சொன்னதற்குத் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று பொருளில்லை. “வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீங்க?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வையுங்கள். மொழிபெயர்க்க அவரோடு வந்த பள்ளிப் பிள்ளையைப் பிடிக்காதீர்கள். மாதவிடாய், குடி, கருத்தடை எதுவும் பிள்ளை வழியாக வெளியே வராது.

பொண்ணுக்கு முகாமில் ‘சிக்கிள் பாசிட்டிவ்’னு சொன்னாங்க. நோய்தானா?

முகாமில் முதலில் செய்வது பெரும்பாலும் கரைதிறன் சோதனை, ரத்தத்தைக் கரைசலில் கலந்து கலங்குகிறதா என்று பார்ப்பது. நோய் இருந்தாலும் பாசிட்டிவ் காட்டும், நோயைச் சுமப்பவராக (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கிள் மரபணு வந்தவராக) மட்டும் இருந்தாலும் பாசிட்டிவ் காட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ‘நோய்’ என்ற சொல்லே வேண்டாம். சுமப்பவருக்குத் தினசரி மாத்திரை தேவையில்லை. முடிவை ஊர்க் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு கெடும் என்ற பயத்தில்தான் அடுத்த வீடு சோதனைக்கு ரத்தம் கொடுக்க மறுக்கிறது.

ஹைட்ராக்ஸியூரியா கொடுத்தும் வலி வருது. நிறுத்திடலாமா?

வேண்டாம். இது வலி மாத்திரை இல்லை. வலி வருவதைக் குறைக்கும் மாத்திரை. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். வலி வந்த அன்று மட்டும் போடுவதுதான் நாம் பார்க்கும் பெரிய தப்பு, ஏனென்றால் அதை யாரும் முதலிலேயே விளக்குவதில்லை. வழக்கமாக நாளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. அளவில் தொடங்குவார்கள்; 35 கிலோ இருப்பவருக்கு 500 மி.கி. காப்ஸ்யூல் ஒன்று. தொடங்கிய பின் ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும், நிலைப்பட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வெள்ளை அணுவோ தட்டணுவோ (பிளேட்லெட்) இறங்கினால் டாக்டர் சில நாள் நிறுத்தி, திரும்பத் தொடங்குவார். குழந்தை பெற நினைப்பவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவில் ‘குடிச்சிட்டு வந்து நடிக்கிறான்’னு உட்கார வெச்சிட்டாங்க. அடுத்த தடவை என்ன செய்யலாம்?

கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். போன் உறைக்குள் மடித்து வைக்கலாம். அதில் எழுத வேண்டியது: எச்.பி.எஸ்.எஸ். (பெற்றோர் இருவரிடமிருந்தும் சிக்கிள் மரபணு வந்த) நோயாளி, எடை, நன்றாக இருக்கும்போது ஹீமோகுளோபின் எவ்வளவு, மண்ணீரல் வழக்கமாகக் கைக்குத் தட்டுப்படுமா, போன தடவை எந்த வலி மருந்து, எந்த அளவில் கேட்டது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பார்க்கும் டாக்டரின் எண்.

ஹீமோகுளோபின் வரி சும்மா இல்லை. 7.5 என்று கண்டதும் ரத்தம் ஏற்ற ஓடுவார்கள். அவருக்கு வழக்கமே 7.5 என்றால் வலிக்காக ரத்தம் ஏற்றத் தேவையில்லை. வழக்கம் 9 இருந்து இப்போது 6 என்றால் கதை வேறு.

வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வலி மருந்து போயிருக்க வேண்டும். நாடி, பி.பி. சரியாக இருப்பதால் வலி இல்லை என்று ஆகாது. இங்கே பலர் வலியில் கத்த மாட்டார்கள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். ‘பத்துக்கு எத்தனை’ என்று கேட்டால் பதில் வராது, “நடக்க முடியுதா, தூங்கினீங்களா, போன தடவையவிட ஜாஸ்தியா?” என்று கேட்டால் வரும்.

வீட்டில் தாங்கும் வலி என்றால் வெதுவெதுப்பான ஒத்தடம், நிறையத் தண்ணீர், 40 கிலோ எடைக்கு பாராசிட்டமால் 500 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஐஸ் ஒத்தடம் கூடவே கூடாது, வலியைக் கூட்டும். காய்ச்சல் 101க்கு மேல், நெஞ்சு வலியோடு மூச்சிரைப்பு, முகமோ கையோ கோணுவது, குழந்தை திடீரென வெளிறி இடப்பக்க வயிறு வீங்குவது, ஆணுக்கு அடங்காத விறைப்பு: இதில் ஒன்று இருந்தாலும் ஒத்தடத்தை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். ஊட்டிக்கு அனுப்பினால் கம்பளியோடு அனுப்புங்கள். 2,200 மீட்டருக்கு மேல் குளிரும் காற்றின் மெலிவும் சேர்ந்து பாதி வழியிலேயே நிலையை மோசமாக்கலாம்.

விடுதியில் சிக்கிள் உள்ள ஒரு பையன் எட்டு வயசிலும் படுக்கையை நனைக்கிறான். (விடுதிக் காப்பாளர்)

திட்டாதீர்கள். இந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைத் தக்கவைத்துச் சிறுநீரைச் செறிவாக்க முடியாது, அதனால் ராத்திரியிலும் நிறையப் போகும். தண்ணீரைக் குறைத்தால் வலி வரும். படுக்கும் முன்னும் நடு ராத்திரியில் ஒருமுறையும் எழுப்பிவிடுங்கள். கழிப்பறைப் பக்கமாகப் படுக்கை, கூட ஒரு மாற்றுத் துணி. காலையில் வெந்நீர்க் குளியல். பி.டி. வகுப்பில் மைதானத்தைச் சுற்றி ஓடும் தண்டனை இவனுக்கு வேண்டாம்.

கண் மஞ்சளா இருக்குன்னு கீழாநெல்லி கொடுத்து உப்பில்லாப் பத்தியம் வைக்கிறாங்க. தடுக்கணுமா?

சிவப்பணு உடைவதால் சிக்கிள் நோயாளியின் கண் பெரும்பாலும் லேசாக மஞ்சளாகவே இருக்கும். அது கல்லீரல் கெட்டு வரும் காமாலை இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள். வலப்பக்க வயிற்று வலி, காய்ச்சல், வெளிறிய மலம் சேர்ந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். பச்சிலையையே திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். என்ன செடி, எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பட்டினியும் தண்ணீர்க் கட்டுப்பாடும்தான் ஆபத்து, அதை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

சிக்கிளோடு சர்க்கரையும் இருந்தால்?

மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்.பி.ஏ.1.சி.யை நம்பாதீர்கள். சிவப்பணு சீக்கிரம் அழிவதால் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்ப்பதே வழி.

என்ன சான்றிதழ்கள் எடுத்து வைக்கணும்?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான சான்று, ரேஷன் கார்டு, ஆதார். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் கொடுப்பது, தாமதமாகும், இன்றே மனுப் போடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சிக்கிள் நோயும் உண்டு. பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்று வேண்டும், அதனால் மருத்துவக் குழு முன் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் வைக்கச் சொல்லுங்கள்.

ஊரில் சாவு விழுந்தால் வார்டை விட்டுப் போய்விடுகிறார்கள்.

‘சொல்லாமல் ஓடிவிட்டார்’ என்று கேஸ் சீட்டில் எழுதினால் திரும்பி வரக் கூசுவார். அவர் போகத்தான் போகிறார். ஐந்து நாள் மாத்திரையும் வலி வந்தால் போட வேண்டியதும் கையில் கொடுத்து, திரும்பும் நாளைக் கேட்டு, “நேரா வார்டுக்கே வாங்க, ஓ.பி. வரிசை வேண்டாம்” என்று அதே சீட்டில் எழுதி டாக்டர் கையெழுத்து வாங்குங்கள்.