அறுபது வயதில் சினிமாவுக்குப் போனவர்

சார், பையன் பிளஸ் டூ முடித்ததும் நடிக்கத்தான் போவேன் என்று நிற்கிறான், ஹீரோ முகமும் இல்லையே என்று புலம்பியிருந்தீர்கள். முகத்தை விடுங்கள். நடிப்பைத் தவிர நாடகக் கொட்டகையில் வேறென்ன வேலை அவனுக்குத் தெரியும்?

சார்லஸ் கோபர்ன் என்று ஒரு அமெரிக்கக் குணச்சித்திர நடிகர். தொந்தி, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி. 1877-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து, சவானா நகரில் வளர்ந்தவர். பதினான்கு வயதில் அங்கே ஒரு தியேட்டரில் சேர்ந்தார். வேலை? வருகிறவர்களிடம் நிகழ்ச்சி நிரலை நீட்டுவது, இடம் காட்டுவது. இருபது வயதுக்குள் அதே தியேட்டருக்கு மேனேஜர்! 1901-ல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் மேடை ஏறினார். 1906-ல் நடிகை ஐவா வில்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சொந்தக் குழு வைத்து, கல்லூரி வளாகங்களில் திறந்தவெளியில் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டார்கள். சொந்தக் குழு என்றால் வசனம் மனப்பாடமானால் போதுமா? பயணம், சம்பளம், மழை எல்லாம் தலையில்தான் விடியும்.

1937-ல் மனைவி இறந்துபோனார். அதன் பிறகுதான், அறுபது வயதில், ஹாலிவுட்டே கதி என்று போனார். 1943-ல் 'த மோர் த மெரியர்' படம் வந்தது. போர்க்கால வாஷிங்டனில் வீடு கிடைக்காத நேரம். ஒரு பெண்ணின் வீட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்து, அந்தப் பாதியிலும் பாதியை ஒரு இளைஞனுக்கு உள்வாடகைக்கு விட்டு, இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுவிடும் கிழவர் வேஷம். துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதுவரை துணை நடிகர்களுக்குப் பலகையில் பதித்த சின்ன விருதுதான். முழு அளவுச் சிலை கொடுத்தது அந்த முறைதான் முதல் தடவை.

அறுபது வரை காத்திருக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அவருக்கு அதுவரை சோறு போட்டது மேடை, அதைச் சுற்றியிருந்த வேலைகள்.

பையன் பி.காம் சேரட்டும், கணக்குத் தெரிந்த ஆள் எந்தக் குழுவுக்கும் வேண்டும். கூடவே ஒரு நாடகக் குழுவுக்கு அனுப்புங்கள், ஆறு மாதம் வேஷம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. டிக்கெட் கிழிக்கட்டும், விளக்கு பிடிக்கட்டும், சாமான் மூட்டை கட்டட்டும். அப்புறமும் ஆசை இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் கூட வர வேண்டாம், அவனே பேசட்டும்.